கணினிப் பெட்டிக் காற்றோட்டம்

கணினிப் பெட்டிக் காற்றோட்டம் என்பது மேசைக் கணினியின் உறுப்புகள் வெளிவிடும் வெப்பத்தைப் பெட்டிக்கு வெளியே கொண்டுசெல்லும் காற்றின் ஓட்டத்தைக் குறிக்கும். அவ்வோட்டம் தடையின்றி நடைபெறுமாறு விசிறிகள், துளைகள், தூசி வடிகட்டிகள், கம்பிகள் ஆகியவற்றை அமைக்கும் முறையும் இப்பெயராலேயே சுட்டப்படுகிறது. கணினி பயன்படுத்தும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பம் வெளியேறாவிடில் செயலியின் வேகம் குறைதல், கணினி திடீரென நின்றுபோதல், உறுப்புகளின் ஆயுள் குறைதல், சேமித்த தரவுகள் அழிதல் ஆகிய தீங்குகள் நேரக்கூடும்.

விசிறிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே நல்ல காற்றோட்டத்திற்கு வழி என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஆயினும் காற்று எவ்வழியாக நுழைகிறது, எவற்றைக் கடந்து செல்கிறது, எவ்வழியாக வெளியேறுகிறது என்பதே எண்ணிக்கையைவிட முதன்மையானது. பிழையான இடத்தில் பொருத்தப்பட்ட விசிறி பயனற்றுப் போவதோடு, ஏனைய விசிறிகளின் வேலையையும் கெடுக்கக்கூடும்.

வரலாறு

1981 ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் தனிக் கணினியின் மின்வழங்கி 63.5 வாட் திறன் மட்டுமே கொண்டது. அக்கணினிக்கு மின்வழங்கியினுள் இருந்த ஒரே விசிறி போதுமானதாக இருந்தது. அவ்விசிறி பெட்டியினுள் இருந்த காற்றை இழுத்துப் பின்புறமாக வெளியேற்றியது. இதற்கு ஓராண்டு முன்னர், 1980 இல் வெளிவந்த ஆப்பிள் III கணினியில் விசிறியே வைக்கப்படவில்லை. ஓசையற்ற கணினி வேண்டும் என்ற நோக்கத்தில், வார்ப்பு அலுமினியத்தால் ஆன அடிப்பகுதியே வெப்பத்தைக் கடத்தி வெளிவிடுமாறு அது வடிவமைக்கப்பட்டது. தொடக்கத்தில் விற்கப்பட்ட ஆப்பிள் III கணினிகள் பல கோளாறுகளுக்கு உள்ளாகி மாற்றித்தர வேண்டியதாயின. அக்கோளாறுகளுக்கான காரணங்களுள் வெப்பமும் ஒன்றாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

1990களின் தொடக்கம் வரை பெரும்பாலான செயலிகள் தனி விசிறியின்றியே இயங்கின. 1992 இல் வந்த 80486 டிஎக்ஸ்2, 1993 இல் வந்த பென்டியம் ஆகிய செயலிகளின் காலத்தில் வெப்ப உறிஞ்சியும் அதன்மேல் சிறு விசிறியும் பொருத்தும் வழக்கம் பரவியது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் பெட்டி, தாய்ப்பலகை அமைப்பை வெளியிட்டது. அதன் முதல் வடிவத்தில், மின்வழங்கியின் விசிறி வெளிக்காற்றை உள்ளிழுத்துச் செயலியின் மீது வீசுமாறு திட்டமிடப்பட்டிருந்தது. மின்வழங்கியின் வெப்பத்தால் முன்னரே சூடேறிய காற்றே இம்முறையில் செயலியை அடைந்தது. செயலிகளின் வெப்பம் கூடக்கூட இம்முறை பொருந்தாமல் போயிற்று. பின்னர் மின்வழங்கி விசிறி காற்றை வெளியேற்றும் முறையே நிலைபெற்றது.

2004 ஆம் ஆண்டளவில் சில பென்டியம் 4 செயலிகளின் வெப்ப வடிவமைப்புத் திறன் 115 வாட் அளவை எட்டியது. இச்சூழலில் காற்றோட்டத்தை மையமாகக் கொண்டு பிடிஎக்ஸ் என்னும் புதிய அமைப்பை இன்டெல் முன்வைத்தது. அதில் பெட்டியின் முன்புறம் நுழையும் காற்று நேராகச் செயலியின் வெப்ப உறிஞ்சியைக் கடந்து, பின்னர் ஏனைய உறுப்புகளின் மீது சென்றது. எனினும் அடுத்து வந்த செயலிகள் குறைந்த மின்னாற்றலில் இயங்கின. பெட்டி, தாய்ப்பலகை உற்பத்தியாளர்களின் ஆதரவும் போதிய அளவு கிடைக்கவில்லை. எனவே 2006 இல் பிடிஎக்ஸ் வளர்ச்சி கைவிடப்பட்டது.

அதற்குப் பின்னரும் வெப்பத்தின் அளவு குறைந்துவிடவில்லை. 2022 இல் வெளிவந்த கோர் ஐ9 13900கே செயலியின் உயர் மின்திறன் 253 வாட் ஆகும். அதே ஆண்டு வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலை அட்டையின் மின்திறன் 450 வாட். இவ்விரண்டும் முழு அளவில் இயங்கும் கணினி, அறைக்கு ஒரு சிறு மின்னடுப்பைப் போன்றதே.

அடிப்படை அறிவியல்

காற்றோட்ட வீதமும் வெப்பநிலை ஏற்றமும்

பெட்டியினுள் நுழையும் காற்று உறுப்புகளின் வெப்பத்தை ஏற்றுத் தன் வெப்பநிலையில் உயர்ந்து வெளியேறுகிறது. ஒரு கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 1,005 யூல் ஆற்றல் தேவை. ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். இவ்விரு மதிப்புகளைக் கொண்டு, குறிப்பிட்ட அளவு வெப்பத்தை அகற்றத் தேவையான காற்றின் அளவைக் கணக்கிடலாம். வெளியேறும் காற்று உள்நுழையும் காற்றைவிட 10 பாகை செல்சியஸ் மட்டுமே சூடாக இருக்கவேண்டுமெனில் தேவைப்படும் காற்று பின்வருமாறு:

• 100 வாட் வெப்பத்திற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.5 கன மீட்டர், அதாவது 18 கன அடி
• 200 வாட் வெப்பத்திற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 கன மீட்டர், அதாவது 35 கன அடி
• 300 வாட் வெப்பத்திற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 1.5 கன மீட்டர், அதாவது 53 கன அடி
• 500 வாட் வெப்பத்திற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 2.5 கன மீட்டர், அதாவது 88 கன அடி

வெப்பநிலை ஏற்றத்தை 10 பாகையிலிருந்து 5 பாகையாகக் குறைக்கக் காற்றோட்டம் இரு மடங்காக வேண்டும். அதனை மேலும் 2.5 பாகையாகக் குறைக்க நான்கு மடங்காக வேண்டும். எனவே காற்றோட்டமே இல்லாத பெட்டியில் ஒரு விசிறியைச் சேர்ப்பது பெரும் பயன் தரும். ஏற்கனவே நன்கு காற்றோடும் பெட்டியில் ஐந்தாவது, ஆறாவது விசிறிகளைச் சேர்ப்பதால் விளையும் பயன் சிறிதே.

அறை வெப்பநிலையின் எல்லை

விசிறிகள் காற்றைக் குளிர்விப்பதில்லை. நகர்த்த மட்டுமே செய்கின்றன. ஆகவே காற்றை மட்டும் கொண்டு குளிர்விக்கப்படும் எந்த உறுப்பும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே செல்ல இயலாது. உறுப்பின் வெப்பநிலை மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகையாகும்: அறையின் வெப்பநிலை, பெட்டியினுள் காற்று பெறும் ஏற்றம், வெப்ப உறிஞ்சிக்கும் காற்றுக்கும் இடையிலான வேறுபாடு.

எடுத்துக்காட்டாக, அறை 32 பாகையாகவும், பெட்டியினுள் ஏற்றம் 8 பாகையாகவும், செயலிக்கும் அதனைச் சூழ்ந்த காற்றுக்கும் இடையிலான வேறுபாடு 30 பாகையாகவும் இருப்பின் செயலியின் வெப்பநிலை 70 பாகை ஆகும். பெட்டியின் காற்றோட்டத்தைச் சீர்செய்து 8 பாகையை 5 பாகையாக்கினால் செயலி 67 பாகைக்கு வரும். எஞ்சிய 30 பாகையைக் குறைக்கப் பெட்டி விசிறிகளால் இயலாது. அதற்குச் சிறந்த வெப்ப உறிஞ்சியோ, புதிதாகப் பூசப்பட்ட வெப்பக் கடத்துப் பசையோ தேவை. எப்பகுதியில் குறை உள்ளது என்று அறியாமல் விசிறி வாங்குவது வீண் செலவாக முடியும்.

சூடான காற்றின் எழுச்சி

சூடான காற்று மேலெழும் என்பது உண்மையே. ஆனால் கணினிப் பெட்டியின் உயரத்தில் அதன் விசை மிகச் சிறியது. 45 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியில் உள்காற்று வெளிக்காற்றைவிட 10 பாகை சூடாக இருப்பின், அதனால் எழும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 0.2 பாஸ்கல் மட்டுமே. பொதுவான 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று தரக்கூடிய உச்ச நிலையழுத்தம் 10 முதல் 20 பாஸ்கல் வரை இருக்கும். ஆகவே இயங்கும் விசிறிகள் உள்ள பெட்டியில் காற்றின் திசையை விசிறிகளே தீர்மானிக்கின்றன. மேற்புறம் வெளியேற்று விசிறி வைப்பது இயற்கை எழுச்சியோடு ஒத்துச்செல்லும் என்றாலும், அது கட்டாயமான விதியன்று.

விசிறிகள்

அளவும் வேகமும்

பெட்டி விசிறிகள் 80, 92, 120, 140, 200 மில்லிமீட்டர் முதலிய அளவுகளில் கிடைக்கின்றன. இவற்றுள் 120, 140 மில்லிமீட்டர் அளவுகளே இன்று பெரும்பான்மையாகப் பயன்படுகின்றன. பொதுவான தடிமன் 25 மில்லிமீட்டர் ஆகும். 120 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு 80 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பைப்போல் 2.25 மடங்கு. எனவே பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே, சிறிய விசிறி விரைந்து சுழன்று தரும் காற்றைத் தரவல்லது.

ஒரே விசிறியின் வேகம் மாறும்போது பின்வரும் தொடர்புகள் பொருந்தும்:

• காற்றோட்ட வீதம் வேகத்திற்கு நேர் விகிதத்தில் மாறும்.
• அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும்.
• தேவைப்படும் மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்.
• வேகம் பாதியானால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும்.

ஒரே அளவு ஓசை தரும் இரு விசிறிகள் சேர்ந்தால் ஓசை 3 டெசிபெல் மட்டுமே கூடுகிறது. எனவே முழு வேகத்தில் ஒரு விசிறியை ஓட்டுவதைவிட, அதே வகை விசிறிகள் இரண்டை அருகருகே வைத்துப் பாதி வேகத்தில் ஓட்டினால் தடையற்ற வெளியில் அதே அளவு காற்று ஏறத்தாழ 12 டெசிபெல் குறைந்த ஓசையில் கிடைக்கும். பாதி வேகத்தில் அழுத்தம் கால் பங்காகிவிடுவதால், அடர்ந்த வடிகட்டிக்குப் பின்னால் இப்பயன் முழுமையாகக் கிட்டாது.

காற்றோட்ட வீதமும் நிலையழுத்தமும்

விசிறியின் உறையில் அச்சிடப்படும் காற்றோட்ட வீதம் முன்னும் பின்னும் எத்தடையும் இல்லாத நிலையில் அளக்கப்படுவது. வடிகட்டி, துளைத்தகடு, வெப்ப உறிஞ்சி ஆகியவற்றின் வழியே காற்றைத் தள்ளும்போது உண்மையான வீதம் அதில் பாதியளவுக்கும் கீழே குறையலாம். இத்தடையை எதிர்த்துத் தள்ளும் ஆற்றலே நிலையழுத்தம் எனப்படும். அகன்ற இதழ்களும் குறுகிய இடைவெளிகளும் கொண்ட விசிறிகள் பொதுவாக உயர்ந்த நிலையழுத்தம் உடையவை. வடிகட்டிக்குப் பின்னாலும் நீர்க்குளிர்விப்பின் கதிர்வீசியின் மீதும் இவை ஏற்றவை. தடை குறைந்த பின்புற வெளியேற்று இடத்திற்குச் சாதாரண விசிறி போதும்.

இரு விசிறிகளை அருகருகே வைத்தால் காற்றோட்டம் கூடும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் அழுத்தம் கூடும். தடை மிகுந்த இடத்தில் மட்டுமே இரண்டாவது முறை பயன் தரும்.

திசை அறிதல்

பெட்டி விசிறியின் இரு பக்கங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. இதழ்கள் தடையின்றித் தெரியும் பக்கமாகக் காற்று நுழைந்து, மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாக வெளியேறும். சில விசிறிகளின் சட்டகத்தில் காற்றின் திசையும் சுழற்சியின் திசையும் அம்புக்குறிகளால் பொறிக்கப்பட்டிருக்கும். திசை மாற்றிப் பொருத்துவது புதிதாகக் கணினி இணைப்போர் செய்யும் மிகப் பொதுவான பிழை ஆகும். கணினி வழக்கம்போல் இயங்கும், விசிறியும் சுழலும். ஆகவே பல மாதங்கள் வரை இப்பிழை கண்ணில் படாமல் போகலாம்.

மின்னிணைப்பும் வேகக் கட்டுப்பாடும்

மூன்று முனை இணைப்பியில் நிலமுனை, 12 வோல்ட், வேகச் சைகை ஆகிய கம்பிகள் உள்ளன. இவ்வகை விசிறியின் வேகம் மின்னழுத்தத்தைக் குறைப்பதன் மூலம் குறைக்கப்படுகிறது. நான்கு முனை இணைப்பியில் கூடுதலாக ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி உண்டு. அதன் வழியே தாய்ப்பலகை ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்சு அலைவெண்ணில் துடிப்புகளை அனுப்பி, துடிப்பின் அகலத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இம்முறை துடிப்பு அகலப் பண்பேற்றம் எனப்படும். மூன்று முனை விசிறியை நான்கு முனை இணைப்பில் செருக இயலும். ஆனால் தாய்ப்பலகையின் அமைப்பில் மின்னழுத்தக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுக்காவிடில் அது எப்போதும் முழு வேகத்திலேயே சுழலும்.

பல தாய்ப்பலகைகளில் ஓர் இணைப்பு 1 ஆம்பியர் வரையே மின்னோட்டம் தரவல்லது. ஒரே இணைப்பில் பல விசிறிகளைப் பிரித்து இணைக்கும்போது அவற்றின் மொத்த மின்னோட்டம் இவ்வெல்லையைத் தாண்டக்கூடாது.

விசிறிகளை அமைக்கும் முறை

பொதுவான ஏடிஎக்ஸ் கோபுரப் பெட்டியில் மின்வழங்கி பின்புறம் அடியிலும், செயலி மேற்பகுதியிலும், வரைகலை அட்டை நடுப்பகுதியிலும் இருக்கும். இப்பெட்டிக்குப் பின்வரும் அமைப்பு பெரும்பாலும் பொருந்தும்:

• முன்புறம்: உள்ளிழுக்கும் விசிறிகள் இரண்டு. கீழ் விசிறி வரைகலை அட்டைக்கும் வன்தட்டுகளுக்கும், மேல் விசிறி செயலிக்கும் வெளிக்காற்றை ஊட்டும்.
• பின்புறம்: செயலிக்கு நேர் பின்னால் வெளியேற்று விசிறி ஒன்று. செயலியின் கோபுர வடிவ வெப்ப உறிஞ்சியின் விசிறியும் இதே திசையில், முன்னிருந்து பின்னாகக் காற்றைத் தள்ளவேண்டும்.
• மேற்புறம்: தேவையெனில் வெளியேற்று விசிறி ஒன்று. அது பின்புற விளிம்பை ஒட்டியே அமையவேண்டும்.
• அடிப்புறம்: மின்வழங்கியின் விசிறி தரைப்பக்கத் துளை வழியே தனக்கான காற்றைத் தானே இழுத்துப் பின்புறம் வெளியேற்றும்.

மேற்புற விசிறியின் இடம் கவனத்திற்குரியது. அது முன்பக்க விளிம்பை ஒட்டி வெளியேற்றுமாறு வைக்கப்பட்டால், முன்புற விசிறி உள்ளிழுத்த குளிர்ந்த காற்றைச் செயலியை அடையும் முன்னரே வெளியே உறிஞ்சிவிடும். இது காற்றின் குறுக்குவழி எனப்படுகிறது. வெளியேற்று விசிறியும் உள்ளிழுக்கும் விசிறியும் மிக அருகில் அமைந்தாலும் இதுவே நேரும். வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உள்ளே நுழையும். கணினியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைப்பதாலும், மூடிய மேசை அறைக்குள் வைப்பதாலும் அதே விளைவு ஏற்படும். மேசை அறைக்குள் வைக்கப்பட்ட கணினிக்கு எத்தனை விசிறிகள் இருந்தாலும், அறையின் காற்று மாறாவிடில் வெப்பநிலை ஏறிக்கொண்டே செல்லும்.

வரைகலை அட்டையின் தாக்கம்

வரைகலை அட்டைகள் இரு வகை. ஊதுவிசிறி வகை, தன் வெப்பக் காற்றின் பெரும்பகுதியை அட்டையின் பின்முனை வழியே பெட்டிக்கு வெளியே தள்ளிவிடும். திறந்த வகை, அதனைப் பெட்டிக்குள்ளேயே சிதறவிடும். திறந்த வகையின் பெரிய விசிறிகள் ஓசை குறைந்தவை. ஆனால் அவை வெளிவிடும் வெப்பம் முழுவதையும் பெட்டி விசிறிகளே வெளியேற்றவேண்டும். 300 வாட் அட்டை ஒன்று பெட்டிக்குள் வெப்பத்தைக் கொட்டும்போது செயலியும் அச்சூட்டை உணரும். விளையாட்டுகளின்போது மட்டும் செயலியின் வெப்பநிலை எதிர்பாராத அளவு உயர்வதற்கு இது ஒரு காரணமாகும்.

மிகை அழுத்தமும் குறை அழுத்தமும்

உள்ளிழுக்கும் காற்றின் அளவு வெளியேற்றும் ஆற்றலைவிட மிகுந்திருந்தால் பெட்டியினுள் அழுத்தம் வெளியைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். இது மிகை அழுத்தம் எனப்படும். அப்போது மிகுதிக் காற்று பெட்டியின் சிறு இடுக்குகள் வழியே வெளியேறும். வெளியேற்றும் ஆற்றல் மிகுந்திருந்தால் குறை அழுத்தம் உண்டாகி, எல்லா இடுக்குகள் வழியேயும் வடிகட்டப்படாத காற்று உள்ளே இழுக்கப்படும்.

தூசி மிகுந்த இடங்களில் மிகை அழுத்தமே விரும்பத்தக்கது. ஏனெனில் காற்று முழுவதும் வடிகட்டி உள்ள இடங்கள் வழியே மட்டும் நுழையும். தட்டு இயக்கிகளின் வாயிலும் இணைப்புத் துளைகளிலும் தூசி படியாது. வடிகட்டிகள் தூசியால் அடைபட்டால் முன்புற விசிறிகளின் வீதம் குறைந்து, மிகை அழுத்தம் நாளடைவில் குறை அழுத்தமாக மாறிவிடும் என்பதும் நினைவிற்குரியது. வெப்பநிலையைப் பொறுத்தவரை இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் சிறிதே. இரண்டையும் பிரித்துக்காட்டுவது தூசிதான்.

பெட்டியின் அமைப்பு

முன்புறத் தகட்டின் திறந்த பரப்பே பல பெட்டிகளின் காற்றோட்டத்திற்கு எல்லையாக அமைகிறது. முழுக் கண்ணாடியாலோ மூடிய நெகிழியாலோ ஆன முன்புறம் உடைய பெட்டியில், விசிறிகள் பக்கவாட்டில் உள்ள சிறு இடைவெளி வழியேதான் காற்றை இழுக்கவேண்டும். வலைத்தகடு கொண்ட முன்புறம் இத்தடையைப் பெருமளவு நீக்குகிறது. பின்புறத்தில் பயன்படாத அட்டைத் துளைகளின் மூடிகளைக் கழற்றி விடுவதால் காற்று குறுக்குவழியில் செல்லலாம். எனவே அவற்றை மூடி வைப்பதே வழக்கமான பரிந்துரை.

பழைய கணினிகளில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டைக் கம்பிகள் வன்தட்டுகளைத் தாய்ப்பலகையோடு இணைத்தன. அவை காற்றின் வழியில் திரைபோல் தொங்கின. குறுகிய சாட்டா கம்பிகள் வந்தபின் இச்சிக்கல் பெரிதும் குறைந்தது. இன்று கம்பிகளை ஒழுங்குபடுத்துவது, அவை விசிறியின் இதழ்களில் சிக்காமலும் விசிறியின் முகப்பை மறைக்காமலும் இருக்கும் அளவில் இன்றியமையாதது.

வெப்பத்தின் விளைவுகள்

இக்காலச் செயலிகள் தம் எல்லை வெப்பநிலையை எட்டியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பல இன்டெல் மேசைக் கணினிச் செயலிகளில் இவ்வெல்லை 100 பாகை செல்சியஸ் ஆகும். 2022 இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் பல செயலிகளில் அது 95 பாகை. எல்லாச் செயலிகளும் முன்பு இவ்வாறு இருக்கவில்லை. 2001 இல் டாம்ஸ் ஹார்டுவேர் இணையத்தளம் நடத்திய சோதனையில், இயங்கும் செயலிகளின் மீதிருந்த வெப்ப உறிஞ்சி அகற்றப்பட்டது. பென்டியம் 4 வேகம் குறைந்து தொடர்ந்து இயங்கியது; அக்கால அத்லான் செயலிகள் கருகின.

தானியங்கிப் பாதுகாப்பு இருப்பதால் செயலி கருகுவது இன்று அரிது. ஆயினும் குறைந்த காற்றோட்டத்தின் இழப்பு வேறு வடிவில் வெளிப்படுகிறது. விலை கொடுத்து வாங்கிய வேகம் முழுமையாகக் கிடைப்பதில்லை. கணினியும் எவ்வித எச்சரிக்கையும் தராமல் மெதுவாக இயங்கும்.

மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது மின்னணுப் பொறியியலில் வழங்கும் தோராய விதி. தாய்ப்பலகையிலும் மின்வழங்கியிலும் இவை பல உள்ளன. வன்தட்டுகளைப் பொறுத்தவரை நிலைமை சற்றே வேறு. 2007 இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, மிதமான வெப்பநிலைகளில் வெப்பத்திற்கும் பழுதிற்கும் இடையே முன்பு எண்ணிய அளவு வலுவான தொடர்பு இல்லை என்று கண்டது. மிக உயர்ந்த வெப்பநிலைகளில், குறிப்பாகச் சில ஆண்டுகள் பயன்பட்ட வன்தட்டுகளில், பழுது கூடியது. எனவே வன்தட்டை மிகவும் குளிர்விக்க வேண்டியதில்லை. காற்றே படாமல் விடுவதும் கூடாது.

கடல் மட்டத்திலிருந்து உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அங்கு அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைந்த வெப்பத்தையே அகற்றும். மலைப்பகுதிகளின் குளிர்ந்த தட்பவெப்பம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

காற்றோட்டத்தைச் சோதித்தல்

• பக்கத் தகட்டுச் சோதனை: கணினியை ஒரே பணியில் ஏறத்தாழ 30 நிமிடங்கள் இயக்கி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் பக்கத் தகட்டை அகற்றி அதே பணியைத் திரும்பச் செய்யவேண்டும். வெப்பநிலை வெகுவாகக் குறைந்தால் பெட்டிக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை எனலாம். சிறிதே மாறினால் குறை பெட்டியில் இல்லை. வெப்ப உறிஞ்சியிலோ பசையிலோ அறையிலோ உள்ளது.
• தாள் சோதனை: மெல்லிய தாள் துண்டை விசிறியின் வெளிப்புறத் துளைகளின் அருகே பிடித்தால், அது ஒட்டிக்கொள்வதிலிருந்தும் விலகுவதிலிருந்தும் காற்றின் திசையை அறியலாம். இடுக்குகளின் அருகே பிடித்தால் மிகை அழுத்தமா குறை அழுத்தமா என்பது தெரியும்.
• புகைச் சோதனை: ஊதுபத்தியின் புகையை முன்புறத் துளைகளுக்குச் சற்று விலகி வைத்து, அது செல்லும் வழியைக் காணலாம். கங்கும் சாம்பலும் பெட்டிக்குள் விழாதவாறு இதனைச் செய்யவேண்டும்.

ஒப்பிடும்போது அறையின் வெப்பநிலையையும் உடன் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. காலையில் ஓர் அமைப்பையும் நண்பகலில் மற்றோர் அமைப்பையும் சோதித்தால் கிடைக்கும் வேறுபாடு விசிறியால் விளைந்ததா வெயிலால் விளைந்ததா என்று பிரித்தறிய இயலாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும்.

பராமரிப்பு

தூசி வெப்ப உறிஞ்சியின் மெல்லிய தகடுகளுக்கு இடையே படிந்து காற்றை அடைக்கிறது. நன்கு அமைக்கப்பட்ட பெட்டியும் சில மாதங்கள் கவனிக்கப்படாவிடில் தன் பயனை இழக்கும். துப்புரவு செய்யும்போது கணினியை நிறுத்தி மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். காற்றை ஊதித் தூசியை அகற்றும்போது விசிறியின் இதழ்களை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அது அளவுமீறிய வேகத்தில் சுழன்று தாங்கி பழுதடையலாம். மோட்டார் மின்னாக்கியாக மாறி இணைப்பிற்குள் மின்னழுத்தம் செலுத்தவும் கூடும். மின்வழங்கியின் உறையைத் திறப்பது ஆபத்தானது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும்.

விசிறியில் புதிதாகத் தோன்றும் கரகரப்பு பெரும்பாலும் தாங்கி தேய்ந்ததன் அறிகுறியாகும். அதனைப் பொருட்படுத்தாமல் விட்டால் ஒருநாள் விசிறி முற்றிலும் நின்றுவிடும். பெட்டியில் ஒரே ஒரு வெளியேற்று விசிறி மட்டும் இருப்பின் இது உடனே கவனிக்கவேண்டிய குறையாகும்.

பரவலான தவறான கருத்துகள்

• எல்லா விசிறிகளையும் வெளியேற்றும் திசையில் வைத்தால் வெப்பம் விரைவில் அகலும் என்பது: வெளியேறும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். வழி அமைக்காவிடில் அது வடிகட்டியற்ற இடுக்குகள் வழியே தூசியோடு வரும்.
• பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்திருப்பது சிறந்தது என்பது: காற்றோட்டம் குறைந்த பெட்டியில் இது உடனடிப் பயன் தரினும், வன்தட்டு முதலிய உறுப்புகளின் மீது செல்லவேண்டிய காற்று சிதறும்; தூசியும் கூடும். குழந்தைகள் உள்ள வீடுகளில் இது பாதுகாப்பும் அன்று.
• பெட்டிக்குள் காற்று வேகமாக வீசினால் போதும் என்பது: வெளியேறாமல் உள்ளேயே சுழலும் காற்று வெப்பத்தை இடம் மாற்றுமேயன்றி அகற்றாது.
• ஒளிரும் விசிறிகள் மிகுதியாகக் குளிர்விக்கும் என்பது: ஒளி அழகுக்காக மட்டுமே. விசிறியைத் தேர்ந்தெடுக்க அதன் அளவு, வேகம், நிலையழுத்தம், தாங்கியின் வகை ஆகியவற்றையே நோக்கவேண்டும்.

எழுதுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் மட்டும் பயன்படும் கணினிக்கு, முன்புறம் தடையின்றி இருப்பின் உள்ளிழுக்க ஒன்றும் வெளியேற்ற ஒன்றுமாக இரு விசிறிகள் பெரும்பாலும் போதுமானவை. தனி வரைகலை அட்டை உள்ள கணினிக்கு முன்புறம் இரண்டும் பின்புறம் ஒன்றும் நல்ல தொடக்கமாகும். அதற்கு மேல் விசிறி சேர்க்கும் முன், இருப்பவை சரியான திசையில் உள்ளனவா, வடிகட்டிகள் தூய்மையாக உள்ளனவா, கணினியைச் சுற்றி இடம் விடப்பட்டுள்ளதா என்பவற்றைச் சரிபார்ப்பது செலவின்றியே கூடுதல் பயனைத் தரக்கூடும்.